கான் வெட்டிய இடத்துச் சில்லுகள்

மெக்சிகோவின் கடலோரத்தில் முதன்முதலாக ஊர் அமைத்தவர்களைப் பற்றி ஆராய்கிறேன். அவர்கள் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. உடைந்த பானைகள்தான் சாட்சி. கரி படிந்த ஒரு சில்லு கிடைத்தால் போதும், இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்று எழுதிவிடுவேன். யாரும் மறுத்ததில்லை.

போன விடுமுறையில் மலையில் இருக்கும் எங்கள் ஊரான பொகவந்தலாவைக்கு வந்தபோது, எங்கள் தோட்டத்து மயானத்தில் தேயிலை நடுவதற்காகத் தண்ணீர் வடியும் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் புதைத்த இடம். கல்லறை கட்ட எங்களில் யாருக்கு வசதி இருந்தது? வெட்டிய மண்ணில் பானைச் சில்லுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சிலவற்றில் துளை இருந்தது.

இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு அம்மாவோடு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் ஓடினேன்.

“சார், தண்ணிப் பானையில யாரும் ஓட்டை போட மாட்டாங்க. பொணத்தச் சுத்தி வந்து ஒடைக்கிற கொள்ளிக்குடம் இது. அங்க எங்க ஆளுங்க இருக்காங்க.”

“பிளான்ல அது வெறும் காணி. ஓட்டைச் சட்டியெல்லாம் ஒரு அத்தாட்சியா?” என்றவர், நான் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“மெக்சிகோவா! பெரிய படிப்பாச்சே!” என்று கைகுலுக்க வந்தார். என் கை நிறையச் சில்லுகள்.

“வா புள்ள,” என்றாள் அம்மா. “ஒன் படிப்பு நம்ம சட்டிக்குச் செல்லாது.”

இப்போது அங்கே தேயிலைக் கன்றுகள் நிற்கின்றன. பெயர்கூடத் தெரியாத மனிதர்கள் எங்கோ ஒரு கடலோரத்தில் வாழ்ந்தார்கள் என்று நான் சொன்னால் உலகம் நம்புகிறது. என் அப்பா இங்கே கிடக்கிறார் என்று சொன்னால் நம்ப ஆளில்லை.