கடைசிப் பக்கத்தில் ரெனி

திண்டிவனத்தில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆரோக்கியசெல்வி, சிறுவர்களுக்கு இரண்டு படக்கதைப் புத்தகங்கள் எழுதியவள். பத்திரம் நகலெடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த சொந்தக்காரர்களோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "கடையில குந்திக்கினு காக்கா கதை எழுதறாளாம்" என்று சிரிப்பார்கள். செல்வியும் பல்லைக் காட்டிவிட்டு வருவாள். அடுத்த புத்தகம் வரட்டும், உங்களை வைத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வாள்.

அவள் தனியாளாகப் புத்தகம் செய்வதில்லை. கதை அவளுடையது. படம் கணவன் பிரான்சிஸ். ஃபிளெக்ஸ் போர்டு கடையில் தலைவர்களின் முகத்தை வெளுப்பாக்குவது அவன் பிழைப்பு. வண்ணம் தீட்டுவது மகள் ரெனிட்டா, ஏழாவது படிக்கிறாள். எல்லாம் முடிந்ததும் கூடத்துத் தரையில் பக்கங்களை வரிசையாகப் பரப்புவார்கள். ரெனி அந்த வரிசையை ஒட்டி நடப்பாள். எந்தப் படத்தின் முன் அவள் நிற்கவில்லையோ அது குப்பைக்குப் போகும். அப்பா ராப்பகலாக மாய்ந்து வரைந்ததாயிற்றே என்ற தாட்சண்யமெல்லாம் அவளிடம் கிடையாது.

ரெனிக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பல். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அளவு கொடுத்துச் செய்த கேலிப்பரை, அந்த இரும்புச் சட்டத்தை, காலில் பூட்டிக்கொண்டுதான் நடப்பாள். நடந்தால் டக் டக்கென்று சத்தம் வரும். மூன்றாவது புத்தகமே அந்தச் சத்தத்தில் பிறந்ததுதான்.

தெருவில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது ரெனிதான் எப்போதும் முதலில் பிடிபடுவாள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் அவள் பொட்டிக்கடையில் சோடா மூடிகளைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, நூலில் கோத்து எடுத்துக்கொண்டு போனாள். "எல்லாரும் கால்ல கட்டுங்க. இல்லன்னா ஆட்டமே கிடையாது" என்றாள். கட்டினார்கள். தெருவெல்லாம் கலகலவென்று சத்தம். யார் எங்கே ஓடுகிறார்கள் என்று தெரியாமல் தேடுகிற பையன் நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி நின்றான். ரெனி பின்னால் வந்து அவன் முதுகில் தட்டி ஜெயித்தாள். நடந்ததை நடந்தபடியே செல்வி எழுதினாள். கதையிலும் அந்தப் பெண்ணின் பெயர் ரெனிதான்.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து ஆசிரியர் நெடுஞ்செழியன் போன் செய்தார். முதல் இரண்டு புத்தகங்களையும் போட்டவர் அவர்தான்.

"அருமையான கதை மேடம். பள்ளிக்கூட நூலகங்களுக்கு எடுக்கறதா பேச்சு இருக்கு. தமிழ்நாடு முழுக்கப் போகும். கடைசிப் பக்கம் மட்டும் மாத்திடுங்க. பொண்ணு கேலிப்பரைக் கழட்டித் தூக்கி எறிஞ்சிட்டு ஓடணும். பின்னாடி சூரியன் உதிக்கணும். அப்பதானே தன்னம்பிக்கை?"

நம் ஊரில் தன்னம்பிக்கைக் கதைக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கண் தெரியாதவனுக்குப் பார்வை வரவேண்டும். வராவிட்டால் அவன் கலெக்டராகவாவது ஆகித் தொலைக்க வேண்டும். சும்மா தெருவில் விளையாடி ஜெயித்துவிட்டுச் சாப்பிடப் போனால் பெரியவர்கள் யாருக்கும் திருப்தி வருவதில்லை.

இதெல்லாம் செல்விக்குத் தெரியாததா? தெரிந்தும் தமிழ்நாடு முழுக்க என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். கல்யாணப் பந்தியில் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. கடையை மூடுவதற்குள் புதுக் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தாள். அத்தனை சுலபமாக வந்தது. பிரான்சிஸ் ஒன்றும் பேசாமல் வரைந்து கொடுத்தான். சூரியன் மட்டும் அச்சு அசல் கட்சி போர்டு சூரியன்போல வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பக்கங்களைப் பரப்பினார்கள். ரெனி நடந்து வந்தாள். இன்னும் வண்ணம் தீட்டாத கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"இது யாரும்மா?"

"நீதான்டி."

"நானா? கேலிப்பர தூக்கிப் போட்டுட்டு எப்பிடி ஓடுவேன்? குப்புற வுழுவேன்."

"கதைதானே பாப்பா. படிக்கிற புள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை வர வேணாமா?"

ரெனி குனிந்து அந்தப் படத்தையே பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "அப்பன்னா அந்தப் பொண்ணுக்கு வேற பேரு வெச்சிக்கோம்மா. என் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செல்விக்குப் பெற்ற பிள்ளையை வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதியதுபோல வெட்கமாக இருந்தது. கணவனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேஜாரு புடிச்ச பக்கம்னு வரையும்போதே தெரிஞ்சிது. நீ ஆசையா இருந்தியேன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்" என்றான் பிரான்சிஸ்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக நெடுஞ்செழியனுக்குப் போன் போட்டாள்.

"சார், கடைசிப் பக்கம் பழையபடியே இருக்கட்டும்."

"மேடம், நல்ல வாய்ப்பு. விட்டா திரும்ப வராது."

"போன புத்தகத்துல மரக்காணம் நண்டு கதை போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா சார்? நேரா நடன்னு எல்லாரும் சொல்றாங்க, அது மாட்டேன்னு கோணலாவே நடந்து வளைக்குப் போய்ச் சேருது. நீங்க எவ்ளோ பாராட்டுனீங்க! நண்டு கோணலா நடந்தா அழகு, எம் பொண்ணு நடந்தா மட்டும் சோகமா சார்?"

அவர், "நூலகத்துக்கு எடுக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க மேடம். அவங்க எடுக்கலைன்னா எங்களால போட முடியாது" என்றார்.

"போடாதீங்க சார். நான் போட்டுக்கறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் போடுவது என்று அவள் யோசித்திருக்கவில்லை. எதிரே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. கலர் வராத பழைய மெஷின். வராவிட்டால் போகட்டும் என்று கறுப்பு வெள்ளையிலேயே ஓட்டினாள். பிரான்சிஸ் நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தான். ரெனி அட்டையில், 'கலர் நீங்களே அடிச்சிக்கோங்க' என்று எழுதினாள். அது அம்மா அப்பா இருவரையும் கேட்காமல் அவளே எடுத்த முடிவு.

அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வல்லம் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். மூவரும் போனார்கள். செல்வி படித்தாள், பிரான்சிஸ் படங்களைத் தூக்கிக் காட்டினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அப்புறம் அந்த அக்காவுக்குக் கால் சரியாப் போச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

ஓரமாக நின்றிருந்த டீச்சர்கள் செல்வியைப் பார்த்தார்கள். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட மாட்டாளா என்று அவர்கள் முகம் கெஞ்சியது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெனி எழுந்து வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"கால் அப்பிடியேதான் இருக்குது. கதைதான் முடிஞ்சிடுச்சி. வேற யாருக்கு டவுட்டு?"