திரும்பாத திரை

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்குக் கல்லுமூஞ்சி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வருத்தமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள் திரையைப் பார்ப்பதில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அலைகிறது, அதில் அவர்களுக்கு என்ன புரியும்? அவர்கள் பார்ப்பது அவள் முகத்தை. புருவம் ஒரு நூல் ஏறினால் போதும், பாதி உயிர் போய்விடும். அதனால் முகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டாள். படம் எடுப்பது அவள் வேலை, பலன் சொல்வது டாக்டர் வேலை. முதலில் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே படுத்திருப்பவள் பக்கம் திருப்புவாள்.

மற்றபடி தங்கமான மனுஷி. ஜெல் சில்லிடுமே என்று பாட்டிலை வெந்நீரில் போட்டு வைப்பவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். வேலையிலும் கெட்டிக்காரி. ஒலியை உள்ளே அனுப்பி, அது மோதித் திரும்பி வருவதை வைத்து மெஷின் வரைவது மெல்லிய ஒரு துண்டைத்தான். ரொட்டியில் ஒரு துண்டை உருவிக் காட்டுவதுபோல. கையிலுள்ள கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்து, அந்தத் துண்டுகளை மனசுக்குள் அடுக்கி, முழுக் குழந்தையையும் அவள் கட்டிவிடுவாள். முட்டைகோஸை வெட்டாமலே உள்ளே புழு எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தங்கச்சி நாலு மாத வயிற்றோடு அதே கட்டிலில் படுத்திருந்தாள். துடிக்க வேண்டியது துடிக்கவில்லை. அக்காவின் முகம் அசையவில்லை. திரையைத் திருப்பவுமில்லை. "டாக்டர் வருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். முறைப்படி பார்த்தால் அவள் செய்ததில் தப்பே கிடையாது. தங்கச்சி எட்டு மாதம் அவளோடு பேசவில்லை.

இப்போது தங்கச்சிக்கு மறுபடியும் வயிற்றில் ஆறு மாதம். வேறு யாரிடமும் போகமாட்டேன், நீதான் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்ன தங்கச்சி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "திரையத் திருப்பி வச்சுக்காதே. என்ன தெரிஞ்சாலும் ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்." அக்கா சரி என்றாள்.

போன மாதம்தான் புது மெஷின் வந்திருந்தது. துண்டுகளைத் தானே அடுக்கி, களிமண்ணில் பிடித்ததுபோல முகத்தைக் காட்டிவிடும். இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் செய்ததை இந்தப் பெட்டி செய்கிறதே என்று அவளுக்கு லேசான பொறாமை உண்டு.

தங்கச்சி வந்து படுத்ததும், திரையை இருவருக்கும் தெரியும்படி வைத்து, அக்கா முதலில் பழைய வழியில் குழந்தையின் நெஞ்சைப் பார்த்தாள். துடித்தது. தங்கச்சி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூஞ்சியக் காட்டுக்கா" என்றாள்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. மூக்குக்குக் கீழே மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது.

அவள் கை தன்னால் திரையின் ஓரத்துக்குப் போனது.

"அக்கா" என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னாள்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "உதடு பிளந்த மாதிரி தெரியுது பாரு" என்றாள். "இந்த மெஷின் துண்டு துண்டா எடுத்து அடுக்க நாலஞ்சு செகண்ட் ஆகும். அதுக்குள்ள குழந்தை ஆடிட்டா அடுக்கு கலைஞ்சு போகும். தொப்புள்கொடி குறுக்கால கெடந்தாலும் பிளவு மாதிரி காட்டும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நெஜமாவே பிளவுதான். பொறந்தப்புறம் தச்சுடலாம். கூட வேற ஏதாவது இருக்கான்னும் பாக்கணும்."

"இது எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலடீ."

அந்த அறையில் இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை.

அழகான அந்த முகப் படத்தை நிறுத்திவிட்டு அவள் பழைய சாம்பல் படத்துக்கே திரும்பினாள். அடுக்கிக் காட்டும் படம் அந்த நாலைந்து செகண்டையும் ஒரே படமாக உறைய வைக்கும்; இதுவோ நடப்பதை நடக்கும்போதே காட்டும். ஆனால் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. "உன்ன மாதிரியே பிடிவாதம்" என்றாள் அக்கா. தங்கச்சியை எழுப்பி நடைபாதையில் நாலு முறை நடக்க வைத்தாள். தானும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வெளியே காத்திருந்தவர்கள், கல்லுமூஞ்சிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

மறுபடி படுத்தபோது முகம் திரும்பியிருந்தது. உதட்டின் குறுக்கே ஏதோ ஒன்று கிடந்தது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினாள். குறுக்கே கிடந்தது சிவப்பும் நீலமுமாக ஒளிர்ந்தது.

"கொடி" என்றாள். "இரு, இன்னும் முடியல. உதட்டப் பாக்கணும்."

இருவரும் காத்திருந்தார்கள். குழந்தை ஒரு கையை வீசியது. கொடி விலகியது. சின்ன வெள்ளைக் கோடுகளாக இரண்டு உதடுகள். மேலுதடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுசாக. அவள் கருவியை மெல்லச் சாய்த்துத் துண்டு துண்டாகப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். எங்கேயும் பிளவில்லை. அந்த வாய் திறந்து, ஒரு மடக்கு விழுங்கி, மூடிக்கொண்டது.

"நல்லா இருக்குடீ" என்றாள். "டாக்டரும் ஒரு தடவை பாத்துடட்டும். ஆனா நல்லா இருக்கு."

தங்கச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கும் இப்படிச் சேர்ந்து பாத்திருக்கலாம்க்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கொஞ்ச நேரமாவது அதப் பாத்திருப்பேன்."

அக்கா காகிதத்தால் அவள் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தாள். அதே காகிதத்தால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்த ஜெல் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. தங்கச்சி அவளைப் பார்த்துவிட்டு, நகர்ந்து கட்டிலில் அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.