அப்பா விடுப்பில் இருந்த போர்

என் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் ராஜஸ்தான் மணல்காட்டில் அரிசி மூட்டையும் குண்டுப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு அலைந்ததாக அவர் சொல்வார். அதே நாட்களில் அவர் விடுப்பில் ஊரில் இருந்ததாக சர்வீஸ் முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் சொல்லும். இரண்டில் எதை நம்புவது என்பதில் எங்கள் சொந்தபந்தம் ரொம்ப நாளாகவே இரண்டு கட்சி. அம்மா அப்பாவின் கட்சி. கம்பத்தில் இருக்கும் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, புத்தகத்தின் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டு பக்கமும் காபி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

மாமாவின் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது அந்தப் போர் தொடங்கவிருந்த சமயத்தில். சின்னமனூருக்குப் பக்கத்தில் அப்பாவின் ஊரில் தாலி கட்டு முடிந்து, மறுவீட்டு விருந்துக்காகப் பொண்ணும் மாப்பிள்ளையும் கம்பம் போனார்கள். மாமா பந்தல் போட்டு, கிடா வெட்டி, உறவுமுறையை எல்லாம் கூப்பிட்டிருந்தார். விருந்தன்று விடிகாலையில் மாப்பிள்ளை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தந்தி வந்திருக்கிறது, பட்டாளத்தில் உடனே வரச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு துணிப்பையோடு கிளம்பிவிட்டார். இலைக்கட்டு வாங்கப் போன மாமா, பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸின் ஜன்னலோரம் புது மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இலைக்கட்டோடு கொஞ்ச தூரம் ஓடியும் பார்த்தார். பஸ் நிற்கவில்லை.

மாப்பிள்ளை இல்லாத விருந்தை மாமா எப்படிப் பரிமாறினார் என்பதை எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விடாமல் சொல்லிவந்தார். அந்தக் கிடாவின் நிறமும் கொம்பும் எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் கிடா கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடிக்கொண்டே வந்தது. நான் வயசுக்கு வந்த சமயத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. கதையை முடிக்கும்போது மாமா தவறாமல் ஒன்று கேட்பார்: தந்தி, தந்தி என்கிறார்களே, அந்தத் தந்தியைப் பார்த்தது யார்? அம்மா உடனே சண்டைக்குப் போவாள். தன் புருஷன் தன்னிடம் பொய் சொல்ல மாட்டார் என்பாள். தான் போட்ட மோதிரம் சின்னதாக இருந்ததில் மாப்பிள்ளைக்கு மனக்குறை, அதனால் ஓடிப்போய்விட்டார், சண்டைக்கெல்லாம் போகவில்லை என்பது மாமாவின் தீர்ப்பு.

நடந்தது என்னவென்று அப்பாவைக் கேட்டால் இப்படிச் சொல்வார். அவருடைய சொந்த யூனிட்டுக்குப் போகும் வழியில், ராணுவத்தார் தங்கிப்போகும் ஒரு டிரான்சிட் கேம்பில் யாரெல்லாம் டிரைவர் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கை தூக்கினார். அப்படியே வேறொரு யூனிட்டோடு சேர்த்து மேற்கே அனுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்து சொந்த யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய விடுப்பும் முடிகிற நேரம். அங்கிருந்த எழுத்தர், விடுப்பு முடிந்து திரும்பினார் என்று எழுதிக்கொண்டார். இவரும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார். லாரியில் ஒரு கீறல் விழுந்தால்கூட ஒரு வாரம் புலம்புகிற மனிதர், தன் சர்வீஸில் ஒரு போரே காணாமல் போனதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. போர்முனையில் இருந்தவர்களுக்கு வந்த நட்சத்திரப் பதக்கம் அதனால் இவருக்கு வரவில்லை. இந்த மனிதரோடுதான் அம்மா குடித்தனம் நடத்தினாள்.

கார்கில் சண்டை முடிந்த வருஷம் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பதக்கங்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். போர்ப் பதக்கம் வைத்திருந்தவர்களுக்கு மேடையில் நாற்காலி. மற்றவர்களுக்குக் கீழே, முன்வரிசையில். அப்பாவிடம் இருந்தவை ஒழுங்காக வேலை பார்த்ததற்கும், சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்கும் எல்லோருக்கும் கொடுத்தவை. அவர் கீழே உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகளின் டான்ஸைப் பார்க்க வந்த மாமா பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

"வீட்டுல இருந்தவுகளுக்கு இங்கனதான் மாப்ள எடம்" என்று சொல்லி ஒரு கலர் பாட்டிலை நீட்டினார்.

அப்பா அந்தக் கலரைக் குடித்து முடித்தார். எனக்கு மாமா சொன்னதில்கூட அவ்வளவு கோபம் இல்லை, இவர் மிச்சம் வைக்காமல் குடித்ததில்தான் கோபம். ஆனால் மறுநாள் காலை அல்லிநகரத்தில் என் கடையைத் திறக்க நான் போனபோது, எனக்கு முன்னால் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். ஷூ பாலிஷ் போட்டிருந்தார். அந்தப் பதக்கம் வேண்டும், மனு அடி என்றார். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று கேட்டேன். நான் செத்தால் அந்தப் புத்தகம்தானே மிஞ்சும், அதில் நான் வீட்டில் இருந்ததாகத்தானே இருக்கும் என்றார். கடையைத் திறந்து அவரை உட்காரவைத்தேன்.

என் கடை ஜாப் டைப்பிங் கடை. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், அண்ணன் தம்பி வரப்புத் தகராறு என்று ஊர்க் குறைகளை எல்லாம் பொருள், பார்வை போட்டு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. மனுவில் கதை கூடாது என்பது என் கொள்கை. அப்பாவிடம் கதையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒட்டகம் குறுக்கே வந்தது, இன்ஜினில் மணல் புகுந்தது, பஞ்சாபி சமையல்காரன் இட்லி சுட்டுப் பார்த்தது எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். ஒட்டகத்தை எடுத்துவிட்டேன் என்று அரை நாள் பேசாமல் இருந்தார். கடைசியில் ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். அந்த ஒரு பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போரே சின்னதாகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்த பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் தேனிக்கே வந்திருந்தது. அங்கிருந்த அதிகாரியும் பட்டாளத்தில் இருந்தவர்தான், பொறுமையானவர். மனுவை மேலே அனுப்பினார். பல மாதம் கழித்துப் பதில் வந்ததும் எங்களைக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னார். புத்தகத்தின்படி அந்த நாட்களில் இவர் ஊரில் இருந்திருக்கிறார். இல்லை என்றால், இவர் எந்த நாளில் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று கண்ணால் பார்த்த யாராவது சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கட்டும். அது இருந்தால் அந்த இன்னொரு யூனிட்டின் பழைய உத்தரவுகளைத் தேடிப்பார்ப்பார்கள். மனைவி சொன்னால் எடுபடாது.

கண்ணால் பார்த்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். இலைக்கட்டோடு ஓடியவர். இது மூளையில் உறைத்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பது வருஷமாக மாமா ஊர் ஊராகச் சொன்ன குற்றச்சாட்டு முழுவதும் அப்பாவுக்கான சாட்சி. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பதக்கமே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கம்பத்துக்கு நான்தான் போனேன்.

மாமாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீங்கள் எப்போதும் சொல்வதைத்தான் கேட்கிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுச் சொல்லுங்கள். இதனால் அவருக்கு மெடல் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கலாம் என்றேன். ரொம்ப நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். முடியாது என்று அவர் சொன்னால், அத்தனை வருஷமும் சொன்னது பொய் என்று ஆகும். சாட்சி சொன்னால் மாப்பிள்ளை மேடை ஏறிவிடுவார். மனிதர் நன்றாக மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

"கெடச்சாக் கெடச்சுட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா தந்தி வரலங்குறதும் அதுல இருக்கணும். இல்லாட்டி நா கையெழுத்துப் போட மாட்டேன்."

தன் மனத்தாங்கலில் பாதியை விட்டுக்கொடுத்து மீதியைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கடைக்கு வந்தார். அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்தார்கள். கிடாவைப் பற்றி எழுதாமல் நாள் எப்படி நினைவிருந்தது என்று சொல்ல முடியாது என்பதால் கிடா உள்ளே வந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், என் ஒட்டகம் மட்டும் கூடாதா என்ற கேள்வி இருந்தது. தந்தி எதுவும் வரவில்லை, யாரும் கூப்பிடாமல் தானாகவே போனார் என்ற வரி வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் என்றும் பார்க்காமல், பொய்ச் சத்தியம் செய்தால் நாக்கு அழுகிவிடும் என்றாள். நான் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"மச்சான் சொல்றத அப்படியே அடிச்சிரு" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சண்டையை வளர்க்க விரும்பாத பெருந்தன்மை என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் நான் கடைக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கி, அதுவும் பழையதாகிவிட்டது. ஒருநாள் தேனி அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். புத்தகம் திருத்தப்பட்டுவிட்டது, பதக்கம் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். மாமாவும் கம்பத்திலிருந்து வந்திருந்தார். ஜெயித்ததைப் பார்க்க வந்தாரா தோற்றதைப் பார்க்க வந்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்பா அட்டென்ஷனில் நின்றார். அதிகாரி சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் மனசு நிறைந்து பேசினார்.

"இவரை யாரும் கூப்பிடலம்மா. உங்க அண்ணன் எழுதுனது வாஸ்தவம்தான், பழைய உத்தரவுலயும் அப்படியேதான் இருக்கு. தந்தி, ஆர்டர் எதுவும் போகல. சண்டை வரப்போகுதுன்னு ரேடியோவுல கேட்டுட்டு, லீவ விட்டுட்டுத் தானா வந்திருக்காரு. மெடல விட அதுதான் பெருசு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார். அத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மாமா, தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். அவரை எனக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது அப்போதுதான்.

கம்பம் பஸ்ஸில் மாமா தள்ளிப்போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் அம்மாவும் ஒரு சீட்டில், நான் அவர்களுக்குப் பின்னால். வீரபாண்டி தாண்டியதும் அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"தந்தி வந்துச்சுன்னீகளே" என்றாள் அம்மா.

அப்பா பெட்டியை மடியில் நேராக்கி வைத்தார்.

"வந்துச்சு வந்துச்சுன்னு எங்கண்ணங்கூட அம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன். நாக்கு அழுகிரும்னு சொன்னேன். கூப்பிடாமயா போனீக?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னார். "இன்னும் நாலு நாளு ஒம் மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்னா, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் அன்னைக்கே கெளம்பிட்டேன்."

என் அப்பா என் முன்னால் அம்மாவிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மிலிட்டரி கேன்டீன் சோப்பை அவள் கையில் கொடுப்பதுதான் அவருடைய அதிகபட்சக் கொஞ்சல். டிக்கெட் போட வந்த கண்டக்டர்கூட என்ன நினைத்தாரோ, எங்களை விட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. அப்பாவின் மடியிலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்து, பதக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க பாட்டுக்கு லாரி ஏறிப் போயிட்டீக. ஒரு கடுதாசி வார வரைக்கும் சோறு தண்ணி எறங்காம, தாலியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நானு" என்றாள். "இது எனக்கு."

பெட்டியை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு குடியரசு தினத்துக்கோ சுதந்திர தினத்துக்கோ கூப்பிட்டால், அப்பா முதல் நாளே அம்மாவிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அம்மா உடனே கொடுத்துவிட மாட்டாள், பீரோ சாவியைத் தேடுவதுபோல் நடமாடிவிட்டுத்தான் கொடுப்பாள். விழா முடிந்து வந்ததும் அப்பா வாசலிலேயே பதக்கத்தைக் கழற்றி அவள் கையில் ஒப்படைத்துவிட்டு, அப்புறம்தான் ஷூவைக் கழற்றுவார்.