தோள் எட்டாத படகு

இலங்கைக் கடற்படையின் சிறப்புப் படகுக்காரர்களுக்குத் துணையாக இருந்த ஒரு தொண்டர் பிரிவில் என் வாப்பாவின் தம்பி, தாஹிர் சாச்சா, பல வருடம் இருந்தார். கற்பிட்டிக்கு வெளியே இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கற்பிட்டிக்கு உள்ளே நம்புவார்கள், ஆனால் முதலில் சிரித்துவிடுவார்கள். சாச்சாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. விளக்கு இல்லாமல் துள்ளிப் பாய்கிற படகில் விடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். புத்தளம் பஸ்ஸில் ஏறினாலோ நுரைச்சோலை வருவதற்கு முன்பே வாந்திக்குச் சொப்பின் பேக்கை விரித்துவிடுவார். பயிற்சி முகாமுக்கு ஒவ்வொரு முறையும் வெளிறிய முகத்தோடுதான் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் சாயங்காலம்வரை அவருக்கு வெறும் தேயிலைத் தண்ணீர்தான்.

அவர் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. உள்நாட்டுச் சண்டை முற்றிய காலத்தில் நிரந்தரப் படைக்கு ஆள் போதவில்லை. அப்போது கரையோரத்தில் தொழில் தெரிந்தவர்களைத் தேடி எடுத்தார்கள். சங்கு குளிப்பவர்கள், மணல்திட்டு எங்கே மாறியிருக்கிறது என்று அறிந்த மீனவர்கள், எஞ்சின்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வருடத்தில் சில வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் அவரவர் வீடு, அவரவர் தொழில். கூப்பிட்டால் போக வேண்டும். நிரந்தரப் படையினர் நீந்திப் போய்க் காரியத்தை முடிப்பார்கள். தொண்டர்கள் அவர்களை இருட்டில் கொண்டுபோய் இறக்கி, சத்தம் காட்டாமல் காத்திருந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். காத்திருப்பதுதான் பெரிய வேலை என்று சாச்சா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால், "ட்ரவுசர் சும்மா குடுத்தாங்க மகள்" என்பார்.

இந்தப் பிரிவைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். அழைப்பு வந்தால், தம்புள்ளைக்கு வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஊரெல்லாம் வெங்காயம் போட்டிருக்கிற கற்பிட்டியில் இருந்துகொண்டு இப்படி ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தவர் அவர். போவதற்கு முன் றிப்னாஸின் சலூனில் தாடியை எடுத்து, தலையையும் வெட்டிக்கொள்வார்.

"தாஹிர் நானா, வெங்காயம் வாங்குறதுக்கு இவ்வளவு ஒட்ட வெட்டணுமா?" என்பார் றிப்னாஸ்.

"தம்புள்ளைப் பக்கம் சூடு."

"அப்ப வரக்குள்ள எனக்கும் ரெண்டு கிலோ கொண்டு வாங்க."

சாச்சா கொண்டுவருவார். முகாமிலிருந்து திரும்பும் வழியில் பாலாவிச் சந்தியில் இறங்கி, கற்பிட்டியிலிருந்து போன வெங்காயத்தையே விலை கொடுத்து வாங்கி வருவார்.

கைத்தொலைபேசி வந்த பிறகு அழைப்பு மிஸ்கோலாக மாறியது. மூன்று தரம் அடித்து மூன்று தரமும் நின்றால் புறப்பட வேண்டும். எடுக்கக் கூடாது, திருப்பி அடிக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் ஒருவருக்கொருவர் ஒரு தரம் அடித்து நிறுத்தினால், பத்திரமாக வந்துவிட்டேன் என்று பொருள்.

அதற்காகக் கட்டிலுக்குக் கீழே ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. ஒரு சாரம், சவர்க்காரம், தஸ்பீஹ் மணி, ஒரு போத்தல் மாசிச் சம்பல். சம்பல் பழுதாகாமல் அடிக்கடி மாற்றி வைப்பது என் சாச்சி அஸ்ரியாவின் பொறுப்பு. சண்டை முடிந்தது. பிறகு சில வெள்ளங்களுக்குக் கூப்பிட்டார்கள். கூரைமேல் ஏறி நின்றவர்களை இறக்கப் போனார்கள். பிறகு பிரிவைச் சுருக்கினார்கள். வயதானவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் பை கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. சாச்சி புதுச் சம்பல் வைக்கிற நாளில் பழையதை வீணாக்கக் கூடாது என்று சாச்சா பாணோடு உட்கார்ந்துவிடுவார். நாட்டைக் காக்கும் கடமையில் கடைசிவரை அவர் விடாமல் செய்தது இதைத்தான்.

அந்தப் பிரிவில் அவருக்கு இரண்டு கூட்டாளிகள். சிலாபத்தில் ஐஸ் லொறி ஓட்டுகிற நிக்கொலஸ், ஆனமடுவையில் கூரை ஓட்டுக் கடை வைத்திருக்கிற குணதிலக்க. மூவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ரப்பர் படகைத் தோளில் தூக்கி மணலில் ஓட வேண்டும். இரண்டு பேரும் நெடியவர்கள். சாச்சா என்னைப் போலக் குள்ளம். முன்பக்கத்தில் அவர்களுக்கு நடுவே கையை மேலே நீட்டிக்கொண்டு ஓடுவாராம். படகு ஒரு நாளும் அவர் தோளில் பட்டதில்லை. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் சாச்சியிடம் தன் சாவுப் பேச்சை எடுத்து, "நான் மௌத்தானா அவனுகளக் கூப்பிடுங்க. எப்பவும் என்ட பங்கையும் அவனுகள்தான் தூக்கினவனுகள். பழகின தோள்" என்றார். அப்போது சாச்சியும் சிரித்தார்.

போன மாதம், விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். சாச்சியின் தம்பி ஹில்மி எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தார். சாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவங்க ரெண்டு பேரும் வரணும் தம்பி. அவர் செல்லி வெச்சிரிக்கார்."

"செல்லுங்களேன் ராத்தா, போன் எடுத்து."

சாச்சி சாச்சாவின் தொலைபேசியை எடுத்தார். நிக்கொலஸின் எண்ணுக்கு அடித்தார். மறுமுனையில் மணி கேட்டதுமே என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். திரும்ப அடித்தார், திரும்ப நிறுத்தினார். மூன்றாம் தரமும் அப்படியே. குணதிலக்கவுக்கு அடித்தபோதும் அதேதான் நடந்தது. பிறகு தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மறுபக்கத்திலிருந்து ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை.

நான் அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

"மிஸ்கோலுக்கு யார் ராத்தா வரப்போறாங்க? அவங்களுக்கும் வயசு போயிட்டு" என்றார் ஹில்மி.

"கொஞ்சம் பாப்பம்."

"மையத்த வெச்சிக்கொண்டு இரிக்க ஏலா ராத்தா. ஆக்கள் வந்திட்டாங்க."

சாச்சி தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்க அவருக்கு வழியில்லை. குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினார்கள். இனி வெளியே வராமல் விதவைக்குரிய இத்தாவில் உட்கார்ந்துவிட்ட சாச்சி சன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் குறுகிய ஒழுங்கைக்குள் ஓர் ஐஸ் லொறி நுழைந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"லொறியப் பின்னுக்கு எடுங்க! ஜனாஸா வருது, தெரியல்லியா?" என்று ஹில்மி கத்தினார்.

லொறியிலிருந்து நிக்கொலஸ் குதிக்கப் பார்த்து, முழங்கால் விடாததால் மெதுவாக இறங்கினார். தோளில் பை. பின்னால் குணதிலக்க, அவர் தோளிலும் பை. இருவருக்கும் தலை ஒட்ட வெட்டியிருந்தது. குணதிலக்கவின் காதோரத்தில் வெட்டிய மயிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பைக்கு மேல் பழைய பெல்ட்டைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டியிருந்தார்.

"தாஹிர் எங்க?" என்று கேட்டார் நிக்கொலஸ். "மிஸ்கோல் வந்தது. எங்க போகணும்?"

நிக்கொலஸ் சந்தூக்கைப் பார்த்தார். அதைத் தூக்கியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு ஹில்மியைப் பார்த்தார். ஹில்மி கண்ணைக் கீழே போட்டார்.

இருவரும் பையைக் கழற்றி மதிலோரமாக, ஒன்றையொன்று தொடும்படி நேராக வைத்தார்கள். ஹில்மி முன்பக்கத்திலிருந்து விலகினார். மற்றப் பக்கம் பிடித்திருந்தவரும் விலகினார். குணதிலக்க வாய்க்குள், சிங்களத்தில், "ஹரி" என்றார். சந்தூக்கு சற்றும் ஆடாமல் அவர்கள் தோளுக்கு ஏறியது. பின்னால் பிடித்திருந்தவர்கள் குதிக்கால் உயர்த்தித்தான் எட்ட வேண்டியிருந்தது.

"பார்த்தியாடா," என்றார் நிக்கொலஸ், சந்தூக்கைப் பார்த்து. "இண்டைக்கும் நீ தூக்கல்ல."

சாச்சி சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அடக்கம் முடிந்து அவர்கள் வந்தபோது சாச்சி கட்டிலுக்குக் கீழேயிருந்த பையை என்னிடம் தந்து அனுப்பினார். சம்பல் போத்தல் புதிது. முந்திய கிழமைதான் வைத்தது. ஒழுங்கையில் லொறியின் பின்பலகையை இறக்கி, பாணும் சம்பலும் வைத்து இருவரும் சாப்பிட்டார்கள்.

"இத்தன வருசம் இந்தச் சம்பல எங்களுக்குக் காட்டவே இல்ல," என்றார் நிக்கொலஸ் என்னிடம். "முகாமுக்கு வந்தா வெறும் போத்தல்தான் இருக்கும். வழியில பஸ்ஸுக்குள்ள கொட்டிப் போச்செண்டுவான்."

"பஸ்ஸுல அவரால ஒண்டும் தின்ன ஏலாதே," என்றேன்.

நிக்கொலஸ் பாணை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார். "அப்ப பாலாவிச் சந்தியில இறங்கித் தின்டிருக்கான்," என்றார். குணதிலக்க சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்க நேரம் பிடித்தது. புறப்படும்போது குணதிலக்க சன்னல் பக்கமாகத் திரும்பி, சாச்சியைத் தங்கையாக்கி, "நங்கி, போய்ட்டு வாறம்" என்றார். உள்ளேயிருந்து சாச்சி, "ஓம்" என்றார்.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு வீடு ஓய்ந்திருந்தது. சாச்சாவின் தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். ஆறுதல் சொல்ல யாரோ எடுக்கிறார்கள் என்று நினைத்து நான் கை நீட்டினேன்.

"எடுக்காதீங்க மகள்," என்றார் சாச்சி. "வீட்டுக்குப் போய்ச் சேந்திட்டாங்க."