சிறுத்தையின் புள்ளிகள்

வகுப்பறைப் பீரோவின் மேல்தட்டில் ஒரு சிறுத்தை முகமூடி கிடக்கிறது. மஞ்சள் வெளுத்து, காதில் மாட்டும் ரப்பர் இற்றுப்போய்விட்டது. புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் போட்டது நானல்ல, எங்கள் பள்ளியின் சமையலக்கா. தூக்கிப் போட்டுவிடலாம் என்று பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். மனசு வராமல் திரும்ப வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன்.

இராமேஸ்வரம் தீவில், அலைச் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்புக்கு மழைக்காட்டு விலங்குகளைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் கடல்பசு தெரியும், ஆமை தெரியும். பனையும் உடைமரமும் தாண்டிக் காடு தெரியாது. நானோ சிக்கல் என்ற வறண்ட ஊர்க்காரி. எங்கள் ஊரில் மழையே அபூர்வம், மழைக்காட்டுக்கு எங்கே போவது? படத்தைக் காட்டி நானாகவே ஒரு குரங்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சமையலக்கா பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "டீச்சர், அந்தக் கொரங்கு அப்பிடிக் கத்தாது."

அவர் பிறந்தது வால்பாறைப் பக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிழைப்புக்காக நம் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். மீனவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு அவர் தீவுக்கு வந்திருக்கிறார். எனக்குக் கொள்ளை சந்தோஷம். மறுநாளே அவரை வகுப்புக்குள் இழுத்துவிட்டேன். சிங்கவால் குரங்கின் கூப்பாடு, இருவாச்சி பறக்கும்போது இறக்கை போடும் இரைச்சல், காலில் ஏறிய அட்டைப்பூச்சி கொஞ்சம் உப்பைப் போட்டதும் சுருண்டு விழுவது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். "நம்ம ஊரு உப்புக்குமா விழும்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. சிறுத்தையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதப் பத்தி என்ன இருக்கு" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் விடுகிற ஆளா? ஆண்டு விழாவுக்குக் காட்டு விலங்கு நாடகமே போட்டேன். சிறுத்தை முகமூடியில் நான் பொட்டுப் பொட்டாகப் புள்ளி வைப்பதைப் பார்த்தவர், பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். "இப்பிடி இருக்காது டீச்சர். பூக் கணக்கா இருக்கும், நடுவுல கறுப்பு இருக்காது." ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அவ்வளவு கிட்டத்தில் எப்படிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. முகமூடி நன்றாக வந்துவிட்ட பூரிப்பு எனக்கு.

ஒத்திகையன்று, தேயிலைச் செடிகளாக நின்ற பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து சிறுத்தை பதுங்கி வந்தது. ஆட்டுக்குட்டி வேஷம் கட்டியிருந்த ஒன்றாம் வகுப்புச் சின்னவள் மேல் அது பாய வேண்டும். அதற்குள் சமையலக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சின்னவளை வாரித் தூக்கிக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் குழந்தையை இறக்கிவிடவே இல்லை.

"என் தங்கச்சிக்கும் இம்புட்டுத்தான் வயசு டீச்சர். வாசல்ல வெளையாண்டுக்கிட்டு இருந்தா. நாந்தான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருந்தேன்."

நாடகமே வேண்டாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது என்ன செய்யும்? அதோட காட்ட வெட்டித்தான தேயில போட்டோம். புள்ளைக அதையும் தெரிஞ்சுக்கிறட்டும். குட்டிய மட்டும் தனியா விடாதீக." ஆட்டுக்குட்டியின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் இடையன் வேஷத்தைச் சேர்த்தோம். விழா முடியும்வரை அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போகும் நாள்வரை நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து, உப்பு சரியாக இருக்கிறது, சாம்பார் நன்றாக இருக்கிறது என்று எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நேற்று மறுபடி அதே பாடம். பீரோவைத் திறந்ததும் முகமூடிக்கு அடிபிடி. புது ரப்பர் கட்டிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டவன் உறுமியபடி வகுப்பைச் சுற்றிவர, எல்லோரும் கத்திச் சிரித்தார்கள். வகுப்பிலிருந்த தன் அக்காவைத் தேடி வந்து என் பக்கத்தில் நின்றிருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், கை வலிக்குது. விடுங்க" என்றது.