அழைப்பிதழில் நான் சேர்த்த சொல்

என் மகளின் திருமண அழைப்பிதழில் அவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சிடச் சொன்னவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எனக்கு எளிதன்று. வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். பட்டம் பெற்று, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். என் சொல்லை ஊரார் மறுத்துக் கேட்டதில்லை.

அவள் படித்தது மருத்துவர் பட்டமன்று. ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட் படிப்பு, சுருக்கமாக 'பி.ஏ.' மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதிக்கலாம், நரம்பில் ஊசி ஏற்றலாம், தையல் போடலாம். கேரளத்தில் பதிவு பெற்று, ஒரு பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பணியாற்றினாள். புரூஃப் பார்க்கச் சிவகாசி அச்சகத்துக்குப் போனபோது அச்சகத்துக்காரர் தயங்கினார்.

"பாப்பா 'பி.ஏ.'ன்னு எழுதிக் குடுத்திருக்கு சார். தமிழ்ல அடிச்சா பி.ஏ. பட்டம்னுல்ல படிப்பாக? பி.ஏ. படிச்ச புள்ளைக்கு ஆஸ்பத்திரில என்ன சோலிம்பாக. 'மருத்துவ உதவியாளர்'னு போட்ருவமா?"

உதவியாளர் என்ற சொல் எனக்குக் கசந்தது. "டாக்டர்னு போடுங்க" என்றேன்.

"தப்பாயிராதா சார்?"

"நான் சொல்றேன்ல."

விடுப்பில் வந்த மகள் அழைப்பிதழைப் பார்த்தாள். "இத யாருக்கும் குடுக்காதீகப்பா" என்றாள். அதற்குள் பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து என் மனைவி பக்கவாதத்தில் விழுந்தாள். மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்தார். மகள் வேலையை விட்டு எங்களிடம் வந்தாள். சிவகாசியில் தனியார் மருத்துவமனை நடத்திய மருத்துவர் அவளை உடனே வேலைக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் அவள் பதிவு அடுத்த மாநிலத்தது. இங்கே மாற்றிக் கிடைக்கும்வரை நோயாளியைத் தொடக்கூடாது என்றார். விண்ணப்பித்தோம். மாதங்கள் கடந்தன. செங்கோட்டைக்கு அப்பால் உரிமை பெற்ற கை, இப்பால் முன்னறையில் அமர்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு முற்பகலில், பட்டாசு ஆலை ஒன்றில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. கருகிய பெண்ணொருத்தியை லோடு வேனில் கிடத்தி அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மனைவிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்த நான் அங்கே நின்றிருந்தேன். எரிச்சல் தணியுமென்று காயத்தின்மேல் யாரோ பேனா மையை ஊற்றியிருந்தார்கள். மருத்துவர் விருதுநகரிலிருந்து வந்துகொண்டிருந்தார். செவிலியர் இருவரும் நரம்பு அகப்படாமல் திணறினார்கள். மகள் எழுந்தாள்.

"தொடாத. உனக்கு இங்க பதிவு இல்ல" என்றேன்.

அதற்குள், எங்கள் ஊர்க்காரரான அந்தப் பெண்ணின் கணவர் என் மகளை அடையாளம் கண்டுகொண்டார். "டாக்டரம்மா! நீங்க இருக்கீகளே, அது போதும்மா" என்று கும்பிட்டார்.

மகள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். ஊசி போடச் சொன்னார்; பின்னர் விசாரணையில் அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றார். அந்தப் பெண்ணின் கை வீங்குமுன் வளையல்களைக் கழற்றினாள். மையைக் கழுவினாள். பாதத்தில் ஒரு நரம்பைக் கண்டு ஊசியை ஏற்றினாள். மதுரைக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண் மூன்றாம் நாள் இறந்தாள்.

ஆலைத் தரப்பிலிருந்து ஒரு புகார் எழுந்தது. சாவுக்குக் காரணம் வெடியன்று, போலி டாக்டர் போட்ட ஊசி என்பது அதன் சாரம். சான்றாக என் மகளின் அழைப்பிதழை இணைத்திருந்தார்கள். மருத்துவமனை அவளை வரவேண்டாமென்றது.

விசாரணை விருதுநகரில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் நடந்தது. இறந்தவளின் கணவரும் வந்திருந்தார். "இவுக கை பட்டதாலதான் மூணு நாளு எங்கூடப் பேசுனா சார். அதுக்குப் போயி இவுகளக் கூப்பிட்டு வச்சிருக்கீகளே" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, மரியாதையோடு ஒரு தாளை நகர்த்தினார். "நீங்க பெரியவுக. அச்சுப்பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. சிவகாசில நடக்காத பிழையா? பாப்பா பதிவையும் நகத்தீரலாம்."

அவள் பதிவும் என் மானமும் அந்த ஒரு வரியில் மீண்டுவிடும். 'அச்சு' என்று எழுதினேன். பக்கத்திலிருந்த மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த அச்சகத்து அண்ணன் கல்யாணத்தன்னைக்கே எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாருப்பா."

எழுதியதை அடித்தேன். அச்சகத்தில் பிழையில்லை, அச்சொல் என்னுடையது, என் மகள் அதற்கு உடன்படவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அதிகாரி படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "அப்படின்னா மேல எழுதிக் கேக்கணும் சார். அதுவரைக்கும் பதிவு நிலுவைல நிக்கும்."

இன்றும் நிற்கிறது. கேரளத்தில் பழைய மருத்துவமனை அவளைத் திரும்ப அழைத்தது. அவளை வழியனுப்பப் போனபோது பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர், "என்ன டாக்டரம்மா, பயணமா?" என்றார்.

"டாக்டர் இல்லண்ணே. அசிஸ்டெண்டு."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்ன சார், பாப்பா இப்பிடிச் சொல்லுது?"

"அவ சொல்றதுதான் சரி" என்றேன்.

மாத்திரைகளின் வேளைகளை அவள் ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்திருந்தாள். பேருந்து நகர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். மனைவிக்கு முற்பகல் மாத்திரை கொடுக்கும் வேளை கடந்திருந்தது.