தூரத்தில் கேட்ட வேன்

பார்வையற்றோருக்கு ஹெட்போன் வழியாகவே சாலை கடக்கக் கற்றுத்தரும் மையம் ஒன்று தஞ்சாவூரில் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மார்கழியில் நானும் என் தோழி மும்தாஜும் கிளம்பினோம். மும்தாஜ் வங்கி அதிகாரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். நான் கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பவள். நகரும் சத்தத்தைக் காதைச் சுற்றி ஓடவிடுவதுதான் என் பிழைப்பு.

அவள் ஊரான அதிராம்பட்டினத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறி, பட்டுக்கோட்டையில் மாறினோம். மொத்தம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தஞ்சை பழைய பேருந்து நிலையத்திலிருந்து மையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். (நூற்றைம்பது கேட்பார்கள், அசராதீர்கள்.)

மையத்தில் மும்தாஜ் ஹெட்போனை மாட்டி, இரண்டே நிமிடத்தில் கழற்றினாள்.

"பஸ் நகருதுடி. அதோட எதிரொலி நகரவே இல்ல."

நானும் கேட்டேன். உண்மைதான். சுவரோரம் போகும்போது ஒரு வண்டியின் சத்தம் ஒரு மாதிரி திரும்பி வரும். வெட்டவெளியில் வேறு மாதிரி. வண்டி நகர நகர எதிரொலியையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். இவர்களோ எல்லா வண்டிக்கும் ஒரே கல்யாண மண்டப எதிரொலியைப் பூசியிருந்தார்கள். சுவருக்குப் பின்னால் வரும் வண்டி பக்கத்திலேயே இருந்தாலும் மங்கலாகத்தான் கேட்கும். அந்தப் பாடமே அங்கே இல்லை. மங்கலாகக் கேட்டால் தூரம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் பயிற்சியாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்துக்குப் புதுசு இல்லீங்களா? பழகிடும்னு நீங்க சொல்லுங்க."

மேடம் பக்கத்தில்தான் நின்றாள். இருபது வருடமாகத் தனியாகச் சாலை கடக்கிறவள்.

அன்று மாலை நான்கு மணிக்கு, அங்கே பயிற்சி முடித்த முருகேசனை முதன்முறையாக வெளியே கூட்டிப்போனார்கள். நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. சர்க்கரை நோயில் பார்வை போய் ஒரு வருடம்தான் ஆகிறது. நாங்களும் பின்னால் போனோம். முருகேசன் ஒரு சந்து முனையில் நின்று காது கொடுத்தார். சந்துக்குள் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. நெல் குடோன் சுவர் அந்தச் சத்தத்தை மறைத்திருந்தது. அவர் காலை எடுத்து வைத்தார்.

மும்தாஜ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சாக்கடையோரம் விழுந்தார்கள். வேன் உரசிக்கொண்டு போனது.

ஓடி வந்த பயிற்சியாளர் சொன்ன முதல் வார்த்தை: "கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்ல?"

முருகேசன் முழங்கை ரத்தத்தைத் துடைத்தபடி, "கவனமாத்தாங்க கேட்டேன். தூரத்துல வர்ற மாதிரிதான் இருந்துச்சு. நீங்க அப்படித்தான சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

மறுநாள் காலை ரயிலில் அவரோடு நீடாமங்கலம் போனோம். முப்பது கிலோமீட்டர் இருக்கும். கடைத்தெருவில் மும்தாஜ் அவரை ஒவ்வொரு சந்து முனையிலும் நிறுத்தினாள். "சத்தம் திடீர்னு தெளிவாகுதா? அப்ப வண்டி சுவரைத் தாண்டிருச்சு. அது உங்களைக் கடந்து போற வரைக்கும் கால வைக்காதீங்க." மத்தியானத்துக்குள் அவர் தானாகவே நின்று, தானாகவே கடந்தார்.

இப்படிப்பட்ட மையத்துக்கு யாரையாவது அழைத்துப்போகிறீர்களா? முதலில் நீங்களே ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். வண்டி சுவருக்குப் பின்னால் போகும்போது சத்தம் மாறவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல பயிற்சி என்றாலும், முதல் நாள் சாலையில் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து பயிற்சியாளர் மும்தாஜை அழைத்தார். எதிரொலியைச் சரிசெய்துவிட்டார்களாம், வந்து கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"வர்றேன்," என்றாள் அவள். "முதல்ல முருகேசன் சார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

நேற்று முருகேசனிடம் பேசினேன். இன்னும் யாரும் அழைக்கவில்லை.